நாற்பதாயிரத்துக்கு உன்னை எழுதிக் கொடுத்த விவரம்

திருவண்ணாமலை,
2-7-1985.

சிரஞ்சீவி அருணகிரிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் தம்பி இருசப்பன், கறவை எருமை மூவரும் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள் என்று பார்த்தால் தெரிகிறது, வாய்விட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசி ஒன்பது நாள் ஆகிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் உட்கார்ந்திருக்க, "டேய், உங்க நைனாவ சாப்பிட வரச்சொல்லு" என்று தம்பியிடம் சொல்லி அனுப்புகிறாள். அவனும் இரண்டடி நடந்து வந்து சொல்கிறான். அங்கே பிலாய் இரும்பாலைப் பக்கம் வெயில் தணிந்து மழை பிடித்ததா, இருமல் நின்றதா என்று எழுதவும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் உன் தாய்மாமன் ராமன் எழுதியது வந்து சேர்ந்திருக்கும். நிச்சயதார்த்தத்தில் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நடக்க இருந்த கல்யாணத்தைக் கெடுத்துவிட்டார், நாற்பதாயிரம் கைநழுவிப் போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருப்பான். அவன் எழுதியதில் நாற்பதாயிரம் போனது மட்டும் உண்மை. கல்யாணம் கெட்டதா இல்லையா என்பது இனிமேல் நீ சொல்ல வேண்டியது. அதனால் என்ன நடந்தது என்பதை என் வாயாலேயே கேட்டுக்கொள், பிறகு திட்டுவதாக இருந்தால் முழு விவரம் தெரிந்து திட்டலாம்.

உன் தம்பி ப்ளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு வாங்கினான் அல்லவா, அதற்கு சர்க்கார் இஞ்சினீயரிங் காலேஜில் வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டான். அவன் வகுப்பில் இன்னொருவன் அறுநூற்றுச் சொச்சம் வாங்கிவிட்டு டொனேஷன் கட்டி சீட்டு வாங்கிவிட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மாவுக்கு ராத்தூக்கம் கிடையாது. மெட்ராஸ் போகிற வழியில் புதிதாக ஒரு காலேஜ் முளைத்திருக்கிறது, பேர் எதற்கு. உன் மாமன் எங்களை அங்கே அழைத்துக்கொண்டு போனான். காலேஜ் எங்கே என்று கேட்டேன், கம்பி வேலி போட்ட மல்லாட்டைக் கொல்லையைக் காட்டினார்கள், கடலை பிடுங்கிய குழிகூட இன்னும் மூடவில்லை. கட்டடம் எங்கே என்று கேட்டேன், சுவரில் மாட்டிய பிளானைக் காட்டினார்கள். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மரப்பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வராத ஒரு லேத்து மிஷின், அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். மிஷினுக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அது காலமாகிவிட்டதோ என்று சந்தேகம்.

சேர்மன் என்பவர் நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய மோதிரம். நாற்பதாயிரம் என்றார். ஆடி பிறப்பதற்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். சரிங்க, ரசீது எப்படிக் கொடுப்பீங்க என்று கேட்டேன். இருபத்தேழு வருஷமாக ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவன், எழுத்தில் இல்லாத பணம் என்றால் எனக்கு உடம்பு அரிக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "சரஸ்வதிக்கு வெல பேசறோம்னு நெனைச்சிக்காதீங்க, இது காணிக்கை. உண்டியல்ல போட்டா ரசீது கேப்பீங்களா?" என்றார். உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்ன தேதிக்குள் போடு, இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன் என்று எந்த உண்டியலும் சொல்வதில்லையே என்று நான் சூடாகக் கேட்டேன். எங்கே கேட்டேன் என்றால் திரும்பி வரும்போது பஸ்ஸில், செஞ்சி தாண்டிய பிறகு, உன் மாமன் என் தோளில் தூங்கி விழுந்துகொண்டிருந்த சமயம். எனக்கு ரோஷம் எப்போதும் இருபது மைல் தள்ளித்தான் வரும், உனக்குத் தெரியும்.

சாமிக்கு நான் விரோதி இல்லை. காலையில் வாசலுக்கு வந்தால் மலையைப் பார்த்துக் கும்பிடு போடாமல் ஒரு நாளும் பல் விளக்கியதில்லை. ஆனால் இந்தக் காலத்தில் சாமி பேரைச் சொன்னால் எந்தக் கணக்கும் கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்களே, அதுதான் வயிறெரிகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாராயக் கடை ஏலம் எடுத்தவன் இன்றைக்குக் கல்வி வள்ளல். உன் அம்மா என்னடா என்றால் சீட்டு கிடைத்தால் கார்த்திகை தீபத்துக்கு ஒரு டின் நெய் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணாமலையார் வாயே திறக்கவில்லை, இவளாகவே அவருக்கும் ஒரு டொனேஷன் பேசிவிட்டாள்.

கடன் விஷயம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த ஆனி மாதத்தில் மட்டும் என் மேஜையில் ஏழு அடமானப் பத்திரம், ஏழும் பிள்ளைகள் காலேஜுக்கு. முன்பெல்லாம் கிணறு வெட்ட ஈடு வைப்பார்கள், தண்ணீர் வராவிட்டாலும் பள்ளமாவது மிஞ்சும். இப்போது வைக்கிறவர்களுக்கு நாலு வருஷம் கழித்து என்ன மிஞ்சும் என்று கேட்டால் "எம்புள்ள இஞ்சினீயர்னு போர்டு மாட்டுவான் சார்" என்கிறார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கும்போது அடி அண்ணாமலை நிலத்தை ஈடு வைத்து எனக்கு நானே பத்திரம் எழுதிக்கொண்டவன், அந்தப் பதற்றத்தில் சொந்தத் தகப்பன் பேரைத் தப்பாக எழுதி, சார்பதிவாளர் எல்லோர் எதிரிலும் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடனை நீ மாதாமாதம் மணியார்டர் அனுப்பி இந்தச் சித்திரையில்தான் தீர்த்தாய். தீர்த்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் உன்னையே ஈடு வைக்கக் கிளம்பிவிட்டோம்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். உன் மாமன் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டி சுப்பிரமணி வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தான். ஒரே பெண், பேர் உண்ணாமலை, டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். முப்பது பவுன், அதோடு மாப்பிள்ளையின் தம்பி காலேஜ் டொனேஷன் நாற்பதாயிரமும் பெண் வீட்டார் பொறுப்பு. உன் அம்மா உனக்கு எழுதினாள். நீ என்ன பதில் எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? "தம்பி படிப்புக்காக என் கல்யாணத்தை எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை." அதைப் படித்து உன் அம்மா கண் கலங்கி, என் பிள்ளை தங்கம் என்று தெருவெல்லாம் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணின் பேர் என்ன, என்ன படிக்கிறாள், கறுப்பா சிவப்பா, ஒரு கேள்வி இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது ஆடுகூட ஒரு தடவை கத்தும். ஆனாலும் உன்னைத் திட்டி ஒரு வரி நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நாற்பதாயிரம் எனக்கும் இனித்தது. அதையும் இந்தக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது. யாராவது அளவுக்கு மீறி நல்லவர்களாக இருந்தால் எங்கள் தொழிலில் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். சுப்பிரமணியின் நிலத்துக்கும் போட்டுப் பார்த்தேன். ஏரிப்பக்கம் மூன்று ஏக்கர் கழனி, ஜூன் பத்தாம் தேதி ஒரு பைனான்ஸ்காரரிடம் நாற்பதாயிரத்துக்கு அடமானம் ஆகியிருக்கிறது. ஆக அவரிடம் இருந்தது பணம் இல்லை, கடன். ரசீது தராத ஒரு சேர்மனுக்குக் காணிக்கை செலுத்த, என் பிள்ளையை நான் விற்க, வாங்குவதற்கு அவர் நிலத்தை அடகு வைக்க, நடுவில் உன் மாமன் பட்டு வேட்டி எடுத்துக்கொள்ள. இதைத் தெரிந்துகொண்டும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், பேச்சு வார்த்தை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று சுப்பிரமணி சொல்லியனுப்பினார். "மாமாவே எழுதட்டும், அவரு கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று உன் மாமன் தாளை என் முன்னால் வைத்தான். லக்னப் பத்திரிகை எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தால் என் கைக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான். தேதி போட்டு, ஊர் போட்டு, "தங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்" என்று எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வரி பழக்கத்தில் எழுதினேன், சத்தியம். நாலாவது வரியிலிருந்து தெரிந்துதான் எழுதினேன், அதுவும் சத்தியம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத எவ்வளவோ நேரம் இருந்தது. எழுதவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கீழ்பென்னாத்தூரில் பந்தல், மேளம், நூறு பேர் கூட்டம். தாம்பூலத் தட்டு நடுவில், முப்பது நாற்பது பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு. புரோகிதரிடம் தாளைக் கொடுத்தேன். அவருக்கு அடுத்த முகூர்த்தம் அவசரம், அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போனார். "எனக்குப் பாத்தியப்பட்டு இருபத்தாறு வருஷமாய் என் அனுபவத்தில் இருந்து வரும் கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்கு ரூபாய் நாற்பதாயிரத்துக்குக் கிரயம் பேசி, மேற்படி தொகையைத் தாங்கள் சர்வே எண் இருநூற்றுப் பதினாலில் உள்ள மூன்று ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்துக் கொடுக்க நான் பெற்றுக்கொண்டபடியால், இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு ஏதும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேனாகவும்." கூட்டம் நல்ல விஷயம் படிக்கிறார்கள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது, ஒரு கிழவர் "ஆங், அப்படித்தான்" என்றுகூடச் சொன்னார். பிறகு சொத்து விவரம் வந்தது. "பெற்ற தாய்க்குத் தெற்கு, டொனேஷன் கேட்கும் தம்பிக்கு வடக்கு, பேசி முடித்த தாய்மாமனுக்குக் கிழக்கு, எழுதிக் கொடுக்கும் தகப்பனுக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள அருணகிரி, ஐந்தடி ஆறு அங்குலம், மாநிறம், மாதச் சம்பளம் உள்பட." அந்த இடத்தில்தான் புரோகிதருக்கே விளங்கியது. தாளைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேளக்காரனைப் பார்த்தார். மேளக்காரன் அதுதான் சைகை என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டான்.

அதன் பிறகு நடந்ததற்கு நானே சாட்சி, நானே குற்றவாளி. பின்வரிசையில் ஒருத்தி சிரிக்க ஆரம்பிக்க, பந்தல் பாதி சிரித்தது, பாதி எழுந்து நின்றது. உன் மாமன், "இன்னா மாமா இது, நிச்சயத்துக்கு வந்தீங்களா, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தீங்களா?" என்று கத்தினான். சுப்பிரமணி மட்டும் கத்தவில்லை. நல்ல மனுஷன், அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும்தான் நான் செய்தது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கு உறைத்தது. "எங்கள அசிங்கப்படுத்தணும்னே எழுதினு வந்தீங்களா சம்பந்தி?" என்று மெதுவாகக் கேட்டார். உங்களை இல்லைங்க, என்னைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், என் ரோஷத்தைப் போல அந்த வார்த்தையும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது.

அப்போது உள் அறையிலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தது. அலங்காரம் செய்துகொண்டிருந்தது போல, ஒரு பக்கம் பூ வைத்து ஒரு பக்கம் வைக்காமல். புரோகிதர் கையிலிருந்து தாளை வாங்கி, நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தது. முதலில் தகப்பனைத்தான் கேட்டது, "இருநூத்திப் பதினாலுன்னா நம்ம ஏரிக்கழனி தானே? அத எப்பப்பா அடமானம் வெச்ச? எங்கிட்ட பேங்கில இருந்த பணம்னு சொன்ன?" சுப்பிரமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த உன் அம்மாவை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பியது. "இருபத்தாறு வயசு ஆளுன்னு போட்டிருக்கீங்க. அவரு சம்மதம் எந்த வரியில இருக்குது? வாங்கறவருன்னு எங்கப்பா பேரு போட்டிருக்கீங்க. நான் எந்த வரியில இருக்கறேன்?" இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ சார்பதிவாளர்கள் என் பத்திரத்தில் குறை கண்டிருக்கிறார்கள், இப்படி ஒரு குறையை எவரும் கண்டதில்லை. அவமானப்பட்ட பெண் தெளிவாகப் பேசிவிட்டு, தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. தட்டு மாற்றவில்லை. சமைத்தது வீணாகக்கூடாது என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவு பெரிய மனசு. சாம்பார் பிரமாதமாக இருந்தது, நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். உன் அம்மா என்னை மன்னிக்காத குற்றங்களில் அதுதான் முதலாவது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஒரு தடவை பேசினாள், இதுவரை அதுவே கடைசி. "ஊர்ல ஒலகத்துல யாரும் வாங்கல, நீங்க ஒருத்தர்தான் உத்தமரு. எங்கப்பன் போட்ட எட்டு பவுனும் இந்த வீட்டு ஓட்டுக்குப் போச்சே, அன்னைக்கு எங்க போச்சு உங்க பத்திரம்?" என்றாள். மழையில் கூரை ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எட்டு பவுன் ஞாபகம் வருகிறது, முன்பு வந்ததில்லை. உன் தம்பியும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் வந்து, "நைனா, ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்ஸி அப்ளிகேஷன் வாங்கணும், பதினோரு ரூபா குடு" என்றான். இருபது கொடுத்தேன். ஒன்பது ரூபாய் திரும்பி வரவில்லை, அதை நான் காணிக்கையாக எழுதிக்கொண்டேன்.

நேற்றுக் காலை சுப்பிரமணி என் மேஜைக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து மைக்கூட்டை எடுத்துத் தள்ளி வைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, பைனான்ஸ்காரர் கொடுத்த பணம் செலவாகாமல் அப்படியே இருக்கிறது, வட்டியோடு கட்டிவிட்டேன், மீட்பு ரசீது எழுதித் தாருங்கள் என்றார். கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்தேன், இந்தத் தடவை அடித்தல் திருத்தல் இல்லை. அப்புறம் நான் எழுந்து நின்று, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பந்தலில் செய்திருக்கக்கூடாது, என் வீட்டிலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர், "எங்க வூட்டுப் பொண்ணு எங்கிட்ட ஒரு வாரமா பேசல சார், உங்களுக்கு எப்படி?" என்று கேட்டார். எனக்கு ஒன்பது நாள் ஆகப்போகிறது என்றேன். டீ வாங்கிக் குடித்தோம். போகும்போதுதான் சொன்னார், நான் எழுதிய தாளை அந்தப் பெண் கிழிக்காமல் வைத்திருக்கிறதாம். அடுத்த மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "பிலாய்க்காரரு இஷ்டத்த யாரும் கேக்கல, என் இஷ்டத்தையும் கேக்கல. பணமும் வேணாம், முப்பது பவுனும் வேணாம்னா, அவரே ஒரு லெட்டர் எழுதட்டும், படிச்சிட்டுச் சொல்றேன்" என்று தாயார் வழியாகப் பதில் வந்ததாம்.

ஆகவே விஷயம் இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. தம்பிக்காக, அம்மாவுக்காக, கடனுக்காக என்று இனி எந்த வரியும் உன்னிடமிருந்து எனக்கு வரக்கூடாது. அப்படி எழுதினால் நான் திருப்பி அனுப்புவேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அந்தப் பெண்ணுக்கு மரியாதையாக இரண்டு வரி எழுதிவிடு, ஒரு பெண்ணைக் காக்க வைப்பதும் ஒரு கடன்தான். பிடிக்கும் என்று தோன்றினால் லீவு போட்டு வந்து ஒரு தடவை பார், தனியாகப் பேசு, ஊர் வாய் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன். விலாசம்: செல்வி சு. உண்ணாமலை, மேற்பார்வை மண்டி சுப்பிரமணி அவர்கள், கடைவீதி, கீழ்பென்னாத்தூர், வட ஆற்காடு மாவட்டம். என்ன எழுதுவது என்று என்னிடம் மாதிரி கேட்காதே. உன் மாமனிடமும் கேட்காதே. ஆடி முடிந்தால் சுப்பிரமணி வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார், அதனால் இருமல் மருந்தையும் இதையும் தள்ளிப் போடாதே.

அருணாசலேஸ்வரர் அருளால் தீர்க்காயுசும் திடமான மனசும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன்னை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்ட தகப்பன்,
இ. ராஜமாணிக்கம்,
பத்திர எழுத்தர்.

பி.கு. இதை ஒட்டப் போகும்போது உன் அம்மா ஆதிலட்சுமி பின்னால் வந்து நின்று முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு அத்தினி பேரு எதிர்ல என்னப் பாத்துக் கொஞ்சம்கூட பயப்படல, அதையும் எழுதுங்க" என்று நேராக என்னிடமே சொன்னாள். அது புகாரா சிபாரிசா என்று கேட்டேன். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.